சிநேகிதியின் அம்மாவுக்கு

சிநேகிதியின் அம்மாவுக்கு இடம் பார்க்க வேண்டும், துணைக்கு வாருங்கள் என்று பொய் சொல்லித்தான் தமயந்தி தன் மாமியார் ராஜாமணியை அந்த முதியோர் இல்லத்துக்குக் கூட்டி வந்திருந்தாள். ராஜாமணியும் வந்த வேலையை மனதாரச் செய்தாள். காலியாக இருந்த அறையின் குளியலறைக் கைப்பிடியை இழுத்துப் பார்த்தாள். கட்டிலில் உட்கார்ந்து எழுந்தாள். "ஏம்மா, சாம்பார்ல உப்பாவது போடுவீங்களா, இல்ல பிரஷருக்கு ஆகாதுன்னு அதுவும் கிடையாதா?" என்று கேட்டு, சுற்றிக்காட்டிய பெண்ணைச் சிரிக்க வைத்தாள்.

"உங்க பையன் சொன்ன மாதிரியேதான் இருக்கீங்கம்மா. அம்மாவுக்கு ஜன்னல் பக்கம்தான் வேணும்னு அவர் ரெண்டு தடவை போன் பண்ணிட்டாரு" என்றாள் அந்தப் பெண்.

ராஜாமணி சிரித்த முகம் மாறாமல் வராந்தாவுக்கு வந்தாள்.

"உன் சிநேகிதி அம்மாவுக்கு இது போதும் தமா. காத்து நல்லா வருது."

பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, புடவைக் கொசுவத்தைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, வலது காலை எடுத்து வைத்து மறுபடியும் அந்த அறைக்குள் போனாள். கல்யாணமாகி வந்த அன்று தமயந்திக்கு ஆரத்தி எடுத்து, "வலது காலை எடுத்து வச்சு வாம்மா" என்று வீட்டுக்குள் அழைத்தவள் அவள்தான்.

எந்தக் காலை எடுத்து வைத்து உள்ளே போவதென்று தெரியாமல் தமயந்தி வாசலிலேயே நின்றாள்.