வழுக்கைப் புல்

ஒரு மீன்தொட்டியில் ஒரு பிளாஸ்டிக் செடி தனிக்காட்டு ராஜாங்கம் பண்ணிக்கொண்டிருந்தது. அந்தத் தொட்டி மணலில் ஒருநாள் வீட்டுக்காரம்மா ஒரு கொத்துப் புல்லைக் கொண்டுவந்து நட்டாள். தரையில் கம்பளம் மாதிரிப் படர்கிற தண்ணீர்ப் புல் அது.

ஆனால் வந்த சில நாளிலேயே புல்லின் இலையெல்லாம் அழுகிக் கரைய ஆரம்பித்தது.

"என்னடி, வந்ததும் வராததுமா வழுக்கையாயிட்டே?" என்று சிரித்தது பிளாஸ்டிக் செடி. "என்னைப் பாரு. இத்தனை நாள்ல ஒரு இலை உதிர்ந்திருக்குமா?"

"இதெல்லாம் வெளியில, காத்துல முளைச்ச இலை, அக்கா. தண்ணிக்குள்ள இதுக்கு வேலையில்லை, போகட்டும்," என்றது புல். பக்கத்தில் ஊர்ந்த நத்தையையும் கூப்பிட்டது. "மாமா, மிச்சத்தையும் தின்னுடுங்க. பாரம் குறையும்."

நத்தைக்கே மனசு கேட்கவில்லை. "மொட்டையா நின்னா அம்மா பிடுங்கி எறிஞ்சிடுவாளே, தாயி!"

"பிடுங்கித்தான் பார்க்கட்டுமே," என்ற புல், வேரை இன்னும் ஆழமாக இறக்கியது.

தொட்டி கழுவும் நாளில், நத்தை பயந்தபடியே அம்மாவின் கை வந்தது. மொட்டைக் காம்பைப் பிடித்து இழுத்தது. புல்லுக்குக் கழுத்தே அறுந்துவிடும் போலிருந்தது. ஆனாலும் வேர் விடவில்லை.

"அட, வேர் பிடிச்சிருச்சே!" என்று அம்மா கையை எடுத்துக்கொண்டாள்.

அப்புறம் என்ன? மணலுக்கடியில் கொடி ஓடி, அங்கங்கே புதுத் தளிர் தலை நீட்டியது. தரையெல்லாம் பச்சையாகிக்கொண்டே வந்து, பிளாஸ்டிக் செடியின் காலடியில் நின்றது.

"அக்கா," என்றது புல், "கொஞ்சம் காலைத் தூக்குறீங்களா? உங்களுக்கு அடியில மட்டுந்தான் பாக்கி."