ராத்திரித் துடிப்பு

"பகல்ல ஒழுங்காத் துடிக்குது. ராத்திரி ஆனா தாறுமாறா ஓடுது, நடுநடுவுல தப்புது," என்றார் டாக்டர், கம்ப்யூட்டரைப் பார்த்தபடி.

ஓய்வுபெற்ற சூப்பர்வைசருக்கு முகம் வெளுத்துவிட்டது. அவர் மணிக்கட்டில் இருக்கும் பட்டைதான் இதயத் துடிப்பை அளந்து டாக்டருக்கு அனுப்புகிறது. ஊருக்கெல்லாம் ஒரே மாத்திரை என்ற கதை இங்கே இல்லை. அவர் உடம்பு சொல்வதைக் கேட்டு, அவருக்கென்றே அளந்து கொடுக்கும் மருந்து. அந்த மருந்தின் அளவு கொஞ்ச நாளாக ஏறிக்கொண்டே போகிறது.

"ராத்திரி நல்லாத் தூங்கறீங்களா?"

"இவ எங்கே டாக்டர் தூங்க விடறா?"

மனைவி கதவோரம் நின்றிருந்தாள். அறையில் இருந்ததே இரண்டு நாற்காலி. ஒன்றில் அவர், இன்னொன்றில் மகள்.

"திடீர்னு எழுந்து உட்காருவா. தண்ணி குடிப்பா. வேர்க்குதுன்னு ஜன்னலைத் திறப்பா. எனக்கு நெஞ்சு எப்படித் தாங்கும்?"

"ஏம்மா, அப்பாவுக்கு முடியலைன்னு தெரியுதில்ல? நீ ஹால்ல போய்ப் படுத்தா என்ன?" என்றாள் மகள்.

அம்மா கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். இடிச்ச புளி மாதிரி நிற்கிறாளே என்று மகளுக்கு எரிச்சல்.

"சரி, மாத்திரையை இன்னும் ஏத்தறேன். மயக்கம் வரலாம், ஜாக்கிரதையாப் பார்த்துக்குங்க."

"ஏத்தாதீங்க டாக்டர்," என்றாள் அம்மா.

"உனக்கு என்னடி தெரியும்? நான் போய்ச் சேர்ந்தாத்தான் உனக்கு நிம்மதி."

"அய்யோ, அப்படிச் சொல்லாதீங்க." அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. டாக்டரிடம் திரும்பினாள். "தூக்கக் கலக்கத்துல அரிக்குதுன்னு பட்டையைக் கழட்டிப் போட்டுடுவாருங்க. அவருக்கே தெரியாது. கையில இல்லைன்னா அது கத்த ஆரம்பிச்சிடும். அவர் தூக்கம் கெட்டுடுமேன்னு நான் எடுத்து மாட்டிக்குவேன். காலையில அவர் முழிக்கிறதுக்குள்ள அவர் கையில போட்டுடுவேன். ராத்திரி பூரா அது என் கையிலதாங்க இருக்கு."

மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அப்போ எனக்கு ஒண்ணும் இல்லையா?" சூப்பர்வைசர் முகம் மலர்ந்துவிட்டது. "நல்லவேளை. பயந்தே போயிட்டேன்."

டாக்டர் ஸ்டெதஸ்கோப்பைக் கையில் எடுத்தார்.

"சார், கொஞ்சம் எழுந்திருங்க. அந்த நாற்காலியில அம்மா உட்காரட்டும்."