ஏழாம் எண் தொட்டி

பன்னிரண்டாவது குப்பைத் தொட்டியை நிமிர்த்தியபோதுதான் அவன் எண்ணைத் தேடினான்.

எண் இல்லை.

பதினொன்றாவதைத் திருப்பினான். அதிலும் இல்லை.

ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே முதல் தொட்டிவரை வந்தான். பன்னிரண்டும் ஒரே பச்சை. ஒரே உயரம். குடியிருப்போர் சங்கம் ஒரே நாளில் வாங்கிக் கொடுத்தவை. வீட்டு எண்ணை மட்டும் வெள்ளைப் பெயின்டில் எழுதியிருந்தார்கள்.

அந்த வெள்ளை இப்போது சாக்கடைக் கம்பிகளுக்கிடையே துணுக்குத் துணுக்காகக் கிடந்தது.

கழுவும்போதே அதைப் பார்த்தான். காய்ந்த தயிர் என்று நினைத்தான்.

சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்தான். காலி செய்தல். சோப்புநீர். உள்பக்கம். மூடி. வெளிப்பக்கம். சாய்த்து உலர்த்துதல். நேற்று மூன்று முறை சரிபார்த்த பட்டியல்.

எண்ணைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

இரண்டு வருடமாகப் பிரஷர் மெஷினை வைத்துக்கொண்டு மொட்டைமாடியும் கார் நிறுத்தும் தளமும் கழுவிக்கொடுக்கிறான். அதே மெஷின், அதே தண்ணீர். கூடவே குப்பைத் தொட்டிகளையும் கழுவலாமே என்பது அவனுடைய யோசனை. யோசனையைச் சொல்ல ஒரு மாதம் ஆயிற்று. இன்று மாதிரிக்கு ஒரு முறை. பிடித்திருந்தால் மாதாமாதம் இந்தத் தெரு. பிறகு அடுத்த தெரு.

பிடிக்காவிட்டால், தொட்டி என்ற சொல்லையே இனி அவன் எடுக்கப்போவதில்லை. அவனுக்கு அவனைத் தெரியும்.

கதவுகள் திறந்தன.

முதலில் வந்தவர் ஏழாம் வீட்டுச் சுலோசனா. புடவை நுனியை மூக்கருகே பிடித்தபடி வரிசையைப் பார்த்தார்.

“ஏனுங்க தம்பி, எங்கூட்டுது எது?”

எண்களெல்லாம் கழுவலோடு போய்விட்டன, எதையும் எடுத்துக்கொள்ளலாம் என்று அவன் சொன்னான். மறைக்கத் தெரியவில்லை.

“எதோ ஒண்ண எடுத்துக்குங்கன்னா எப்படீங்க? நாலாம் நம்பர்ல வாரத்துல மூணு நாள் மீனு. நாங்க சைவமுங்க.”

நான்காம் வீட்டுக்காரர் பின்னால் நின்றிருந்தார்.

“நாங்க மட்டும் உங்க கத்திரிக்காக் காம்பு கெடந்த தொட்டிய வாங்கிக்குவமாக்கும்.”

யாரோ சிரித்தார்கள். யாரும் தொட்டியைத் தொடவில்லை.

சங்கச் செயலாளர் திருமூர்த்தி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். அவனையும் பார்த்தார், தொட்டிகளையும் பார்த்தார்.

தொட்டிகள் பளபளத்தன. அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது.

அப்போது தெருமுனையில் தள்ளுவண்டியின் சத்தம் கேட்டது. தினமும் குப்பை எடுக்க வரும் மயிலாத்தாள். வண்டியை நிறுத்தி, என்ன கூட்டம் என்று விசாரித்தாள். தலைத்துண்டை இறுக்கிக்கொண்டு வரிசையின் முன்னால் நடந்தாள்.

ஒரு தொட்டியின் பிடியைத் தடவினாள். “மூணு.”

ஒன்றின் விரிசலைப் பார்த்தாள். “பத்து. போன தீவாளிக்கு வெடி வெச்சது.”

அதற்குப் பிறகு பிடியையும் தடவவில்லை. விரிசலையும் தேடவில்லை. நடையும் நிற்கவில்லை. ஒன்று, பன்னிரண்டு, ஐந்து.

“இது உங்களுதுங்கம்மா.”

“உனக்கெப்படித் தெரியும்?” என்றார் சுலோசனா.

“தெனமும் தூக்கறவளுக்குத் தெரியாதுங்களா?”

சுலோசனா குனிந்தார். மூடியைத் திறந்து, புடவை நுனியை விலக்கி, நிதானமாக மூச்சை இழுத்தார்.

“ஆமா. எங்கூட்டு வாசந்தான்.”

பத்து நிமிடத்தில் தெரு காலியானது. திருமூர்த்தி வீட்டுக்குள் போய் மீதமிருந்த வெள்ளைப் பெயின்ட் டப்பாவைக் கொண்டுவந்தார்.

“எழுதிக் குடுத்துட்டுப் போங்க. அடுத்த மாசம் ரெண்டாவது ஞாயித்துக்கெழம வந்துருங்க.”

அவன் தலையாட்டினான். காகிதத்தை எடுத்து, பட்டியலின் முதல் வரிக்கும் மேலே இருந்த சிறு இடத்தில் எழுதினான்: எண்ணைக் குறித்துக்கொள்ளுதல். அழுத்தம் குறைத்தல்.

ஏழாம் வீட்டில் சுலோசனா தொட்டியை வாசலிலேயே நிறுத்தியிருந்தார்.

“அடியையும் கழுவிருங்க தம்பி. உள்ள வெக்கறதில்லீங்களா.”

சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்க உள்ளே போனார்.

அடிப்பக்கமும் பட்டியலில் இல்லாததுதான். தொட்டியைக் கவிழ்த்தான். காய்ந்த மண் ஒரு விரல் கனத்துக்கு ஒட்டியிருந்தது. மெஷினை எடுக்கவில்லை. வாளித் தண்ணீரை ஊற்றி, தேங்காய் நாரால் தேய்த்தான். மண் கரைந்து வழிந்தது.

நடுவில் ஒரு கீறல் தெரிந்தது. பெயின்ட் அடிப்பதற்கு முன்பு, பிரித்துக் கொடுத்த அன்று, யாரோ ஆணியால் போட்ட அடையாளம்.

4.

அவன் கை நின்றது.

நிமிர்ந்து பார்த்தான். கேட்டுக்கு வெளியே மயிலாத்தாள் வண்டிக் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். அவனையும் பார்த்தாள். கவிழ்ந்த தொட்டியையும் பார்த்தாள்.

“நல்லாப் பெருசா எழுது கண்ணு. தூரத்துல வர்றப்பவே தெரியோணும்.”

உள்ளே தாளிக்கும் சத்தம் கேட்டது. கடுகு, கறிவேப்பிலை.

அவன் தொட்டியை நிமிர்த்தினான். முன்பக்கத்தைத் துணியால் துடைத்தான். பிரஷை டப்பாவில் முக்கி, விளிம்பில் வழித்து, மேலிருந்து ஒரே இழுப்பில் 7 போட்டான்.

கோணல் இல்லை. சற்றுத் தள்ளி நின்று பார்த்தான். நன்றாகவே வந்திருந்தது.

பிறகு நான்காம் வீட்டுக்குப் போனான். அங்கே தொட்டி கேட்டுக்கு உள்ளேயே நின்றது.

அதை அவன் கவிழ்த்துப் பார்க்கவில்லை.