கல்லின் சொந்த ஊர்

“அக்கா, கல்லுக்கெல்லாம் சொந்த ஊர் உண்டா?”

கல்லைச் சோதிப்பதுதான் தன் வேலை என்று அவள் சொன்னதும், போன வருடம் ஒரு லாரிக்குள் ஒரு சிறுமி கேட்ட கேள்வி அது. கொட்டும் மழையில் பஸ் பாதி வழியில் நின்றுவிட, தவித்துக்கொண்டிருந்த அவளைத் தன் லாரியில் ஏற்றி வந்து வீட்டு வாசலில் இறக்கிவிட்டார் சிறுமியின் அப்பா. பேர்கூடக் கேட்காமல் போய்விட்டார்.

இன்று அந்த லாரி டிரைவர் ஆய்வகத்தின் கண்ணாடிச் சுவருக்கு அப்பால், ஒரு போலீஸ்காரர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தொப்பியும் முகமூடியும் வெள்ளை அங்கியுமாக இருந்தவளை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

“லாரி நிறைய எங்க ஈயக்கல்லு மேடம். கையும் களவுமா பிடிச்சோம்,” என்றார் சுரங்க மேனேஜர். “அதுல ஒரு பை குடுத்திருக்கேன். எங்க சுரங்கத்துக்குள்ள புதுசாத் தோண்டுற பாதையில போன வாரம் வெட்டினதுல ஒரு பை குடுத்திருக்கேன். ரெண்டும் ஒண்ணுன்னு எழுதிக் குடுங்க, நாலு நாளா அலையறேன்.”

“டிரைவர் என்ன சொல்றாரு?”

கூட வந்திருந்த இன்ஸ்பெக்டர் கொட்டாவி விட்டார். “பக்கத்து மலை அவங்க தொழிலாளர் சங்கத்துக் குத்தகையாம், அங்க வெட்டின கல்லாம். மாட்டினவன் எவன் ஒத்துக்குவான்? ஒண்ணுன்னா இன்னைக்கே உள்ள தள்ளிடுவேன்.”

ஈயத்தில் எடை வேறுபட்ட அணுக்கள் கலந்திருக்கும். அந்தக் கலவையின் விகிதம் தாதுப் படிவத்துக்குப் படிவம் மாறும். அதை அளந்தால் கல் எங்கே பிறந்தது என்பது தெரிந்துவிடும்.

கல்லைக் கரைத்து வைத்திருந்த குழாய்களை அவள் இயந்திரத்தில் வரிசையாகப் பொருத்தினாள்.

“நான் குடுத்தது ரெண்டு பைதானே? நாலு குழாய் இருக்கு, குட்டி போட்டுடுச்சா?” என்றார் மேனேஜர்.

“மத்த ரெண்டும் இந்த வட்டாரத்தை முதல்ல சர்வே பண்ணப்போ ரெண்டு இடத்துல எடுத்த பழைய கல்லு சார். எதைச் சோதிச்சாலும் அதையும் கூட ஓட்டிப் பார்க்கிறது எங்க வழக்கம்.”

முதல் எண் திரையில் வந்தது. கொஞ்ச நேரத்தில் இரண்டாவதும் வந்தது. நாலாவது தசமம் வரை இரண்டும் ஒன்றே.

அவள் கண்ணாடிக்கு அப்பால் இருந்த டிரைவரைப் பார்த்தாள். ஒரே ஓர் இலக்கத்தை மாற்றினால் போதும், அவர் தப்பிவிடுவார். அந்த அறையில் அதைப் படிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

‘ஆண்டவா, என் கையைப் பார்த்துக்கோ’ என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டாள். வந்த எண்ணை வந்தபடியே எழுதினாள்.

“ரெண்டும் ஒண்ணுதான் சார்.”

மேனேஜர் சிரித்தார். இன்ஸ்பெக்டர் கண்ணாடி வழியே சைகை காட்ட, போலீஸ்காரர் டிரைவரின் தோளைப் பிடித்து எழுப்பினார்.

“இன்னும் ரெண்டு குழாய் ஓடணும் சார். பத்து நிமிஷம்.”

“எப்பவோ எடுத்த கல்லுக்கு நான் காத்துக் கிடக்கணுமா?” என்றார் மேனேஜர்.

“முடிக்காம கையெழுத்துப் போட மாட்டேன் சார்.”

மூன்றாவது எண் வேறாக வந்தது; நாலாவது முதல் இரண்டோடு அப்படியே ஒத்துப்போனது. அவள் சர்வே பதிவேட்டைத் திறந்து, எந்தக் கல் எங்கே எடுத்தது என்று பார்த்தாள். ஒரு முறைக்கு இரண்டு முறை பார்த்தாள். பிறகுதான் கையெழுத்துப் போட்டாள்.

டிரைவர் வெளியே தலைகுனிந்து நின்றிருந்தார். அவள் முகமூடியைக் கழற்றவில்லை. மேனேஜர் நீட்டிய கையைத் தாண்டி, காகிதத்தை இன்ஸ்பெக்டரிடம் கொடுத்தாள்.

“ரெண்டுமே அவங்க மலைக் கல்லு சார். சுரங்க இடத்துல எடுத்த பழைய கல்லு வேற, மலையில எடுத்ததுதான் இதே எண். மலைக்குள்ள புகுந்தது இவங்க சுரங்கம்தான்.”