தொட்டி துடைக்கும் காந்தம்

எலும்பு மஜ்ஜை மாற்றிய பிறகு வேதவல்லியைக் கண்ணாடி அறையில் தனியாக வைத்திருந்தார்கள். அவள் யாரையும் பார்க்காமல் சுவர்ப் பக்கம் திரும்பியே கிடந்தாள். வண்ணமீன் கடை நடத்தும் அவள் கணவன் தாமோதரன், மீன்தொட்டியில் பாசி துடைக்கும் காந்தச் சோடி ஒன்றைப் புதிதாகக் கொண்டுவந்தான். ஒன்றை நர்ஸ் ஸ்பிரிட்டால் துடைத்து உள்ளே எடுத்துப்போனாள். முதலில் கதவில் வைத்துப் பார்த்தார்கள். இரும்புக் கதவு இழுப்பையெல்லாம் தானே வாங்கிக்கொண்டது. மறுபக்கத்துக் காந்தம் அசையவில்லை. கட்டிலை ஒட்டிய கண்ணாடியோ நடுவில் தான் இருப்பதாகவே காட்டிக்கொள்ளவில்லை. அவன் வெளியே நகர்த்தினால் உள்ளே இருந்ததும் மீன்போலக் கூடவே நீந்தியது.

"வேதா, இங்க பாரு, உன் கெளுத்தி வருது" என்பான், அவளுக்குக் கேட்காது என்று தெரிந்தும்.

ஒன்பதாம் நாள் நர்ஸ் சொன்னாள்: "இன்னிக்கு ரொம்ப சோர்வா இருக்காங்க சார். வீட்டுக்குப் போய்ட்டு நாளைக்கு வாங்க."

அவன் போகவில்லை. காந்தத்தின்மேல் கையை வைத்தபடி, கண்ணாடியில் நெற்றியைச் சாய்த்துக் கண்ணை மூடினான். உள்ளங்கைக்கடியில் அது மெல்ல நகர்ந்தது. தன் கைதான் நடுங்குகிறதென்று நினைத்துக் கையை எடுத்தான்.

காந்தம் நிற்கவில்லை.