ஒரே ஒரு சாவி

"இதுல இருக்கிற சிப்பை மட்டும் எடுத்துடுங்கண்ணே. சாவி பார்க்க அப்படியே இருக்கணும்."

சாவிக்காரர் நிமிர்ந்து அந்தப் பெண்ணைப் பார்த்தார். பழைய கார்க்காரர்கள் ஒரே சாவியோடு வந்தால், "இன்னொண்ணு போட்டு வச்சுக்குங்க, இது தொலைஞ்சா வண்டி வெறும் தகரம்தான்" என்று தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்லி அனுப்புகிறவர் அவர். இருக்கிற ஒன்றையும் கெடுத்துக் கொடு என்று கேட்டு வந்தவள் இவள்தான் முதல் ஆள்.

"சிப் இல்லேன்னா சாவி திரும்பும். வண்டி கிளம்பாதும்மா."

"கிளம்பக் கூடாது. அதுக்குத்தான் வந்தேன்."

"யார் ஓட்டற வண்டி?"

"அப்பா."

"அவருக்குத் தெரியுமா?"

அவள் பையிலிருந்து வண்டிப் புத்தகத்தை எடுத்து நீட்டினாள். வண்டி அவள் பெயரில்தான் இருந்தது. மகள் பெயரில் ஆசையாக வண்டி வாங்கிய மனுஷனுக்கு இது நல்ல மரியாதைதான் என்று நினைத்துக்கொண்டார் சாவிக்காரர்.

"ஓட்டாதீங்கன்னு நேராச் சொல்ல வேண்டியதுதானேம்மா?"

"நாப்பது வருஷம் பஸ் ஓட்டினவர்ணே. வண்டியில ஒரு கீறல் கிடையாது. அவர்கிட்ட எந்த வாயால சொல்லுவேன்? போன வாரம் பள்ளிக்கூடம் விட்டு வந்த ஒரு குழந்தை. நான் கத்தினதால நிறுத்தினார். ஒரு சாண் இடைவெளி. இறங்கி, பிரேக் சரியில்லைங்கறார்."

"அப்ப சாவியை ஒளிச்சு வைங்க."

"தன் மறதியில தொலைச்சுட்டோம்னு நெனச்சு ஒடிஞ்சு போயிடுவார். வண்டி பழசு, கெட்டுப்போச்சுன்னா தாங்கிக்குவார்."

குழந்தை என்றதும் சாவிக்காரரால் மறுக்க முடியவில்லை. சாவியின் கறுப்புத் தலையைப் பிளேடால் நெம்பிப் பிரித்து, நெல்மணி அளவு இருந்த சிப்பை எடுத்தார். மறுபடி பசை வைத்து ஒட்டினார். சிப்பைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தபோது அவள் கை நீட்டவில்லை.

"வீட்ல வேணாம். அப்பா கண்ணுல பட்டுடும்."

அவள் போன பிறகும் அவருக்கு மனசு ஆறவில்லை. வயசானால் பெற்ற பிள்ளையே கழுத்தறுக்கும் போலிருக்கிறது என்று அன்று முழுக்கத் தனக்குத் தானே பேசிக்கொண்டிருந்தார்.

நாலாம் நாள் காலை, ஒரு பெரியவர் கடைக்குள் வந்து சாவியை மேஜை மேல் டக்கென்று வைத்தார். பின்னாலேயே அவள். முகத்தில் ரத்தமே இல்லை. சொல்லிவிடாதீர்கள் என்று கண்ணாலேயே கெஞ்சினாள்.

"சாவி திரும்புது, எஞ்சின் சுத்துது, பத்திக்க மாட்டேங்குது. என்னன்னு பாரு தம்பி" என்றார் பெரியவர் அதிகாரமாக. பிறகு மகளிடம் திரும்பினார். "டாக்ஸிக்காரன் போயிடப் போறான். நீ போய் நிக்கச் சொல்லும்மா."

அவள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

பெரியவரின் சட்டைக் காலர் கஞ்சி போட்டதுபோல் விறைப்பாக நின்றது. பையில் பேனா, கண்ணாடிக்கூடு, ஓட்டுநர் உரிமம். எல்லாம் தயார். இனிமேலும் மறைத்தால் தூக்கம் வராது என்று சாவிக்காரருக்குத் தோன்றியது.

டிராயரைத் திறந்து காகிதப் பொட்டலத்தை எடுத்தார்.

"ஐயா, என்னை மன்னிச்சுடுங்க. சாவி தானாக் கெடலை. உங்க மக..."

பெரியவர் சட்டென்று கையை நீட்டி, பொட்டலத்தோடு சேர்த்து அவர் விரல்களை மூடினார்.

"உள்ளே வை."

"ஐயா?"

"ஒட்டின பசை காயறதுக்குள்ளேயே பார்த்துட்டேன். பஸ் ஓட்டினவனுக்கு ஒரு வண்டி ஏன் கிளம்பலைன்னு தெரியாதா? ஊர்ல கார் சாவிக் கடையும் உன்னோடது ஒண்ணுதான்."

சாவிக்காரர் பொட்டலத்தை டிராயருக்குள் போட்டு மூடினார்.

"அந்தக் குழந்தையை நான் பார்க்கவே இல்லை தம்பி. பிரேக்கு மேல பழி போட்டேன். அன்னிக்கே சாவியை அவ கையில கொடுத்திருக்கணும். நாப்பது வருஷ வீராப்பு, கை வரலை. எனக்கு இல்லாத தைரியம் அவளுக்கு இருந்தது."

"அப்ப இதை அவங்ககிட்டயே சொல்லிடலாமே ஐயா? எதுக்கு இவ்வளவு தூரம் வந்து என்னைச் சரி பண்ணச் சொல்றீங்க?"

"சரி பண்ணவா வந்தேன்?"

பெரியவர் வாசலைப் பார்த்தார். டாக்ஸியிடம் பேசிவிட்டு, புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தபடி மகள் வந்துகொண்டிருந்தாள். அவர் குரலைத் தணித்தார்.

"அப்பாவை ஏமாத்திட்டோமேன்னு நாலு நாளா அவ சாப்பிடலை. என் முகத்தைப் பார்க்க மாட்டேங்கறா. அவ வந்ததும், சாவியில ஒரு கோளாறும் இல்லை, வண்டிதான் கெட்டுப்போச்சு, இனிமே ஓடாதுன்னு சத்தமாச் சொல்லு தம்பி. நான் நம்பிட்டேன்னு தெரிஞ்சாத்தான் எம் பொண்ணு இன்னிக்காவது ஒரு வாய் சாப்பிடுவா."