இரண்டு வருஷக் கெடு

பெரியவர் செய்தித்தாளை நாலாக மடித்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

முதல் பக்கத்திலேயே போட்டிருந்தது. எஸ்டேட் வரி ரத்து. பட்ஜெட்டில் அறிவிப்பு.

ஊரில் அதற்குச் சாவு வரி என்று பெயர். சொத்துக்காரன் செத்தால் பிள்ளைகள் சர்க்காருக்குக் கட்ட வேண்டும். பக்கத்து ஊர் பஞ்சு ஃபாக்டரி அதைக் கட்டத்தான் ஏலத்துக்கு வந்தது.

அந்தப் பயத்தில்தான் எண்ணெய் மில்லை மகன் பெயருக்கு எழுதிக் கொடுத்தார். ஆடிட்டர் ஒரு கெடு சொன்னார். எழுதிக் கொடுத்தவர் இரண்டு வருஷம் உயிரோடு இருக்க வேண்டும். அதற்குள் செத்தால் மில் அவர் சொத்தாகவே கணக்காகும். வரி உண்டு.

அன்றைக்கு ஆரம்பித்தது கவனிப்பு.

மருமகள் உப்பைக் குறைத்தாள். சைக்கிளைப் பிடுங்கிக்கொண்டார்கள். தும்மினால் டாக்டர். மில்லே கதியென்று கிடந்த மகன், தினமும் ராத்திரி கட்டிலோரம் உட்கார்ந்து கால் பிடித்துவிட்டான்.

ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுததாம்.

அவருக்கு வலித்தது.

ஆனாலும் சுகமாக இருந்தது. மனைவி போன பிறகு அவரைத் தொட்டவர் யாருமில்லை.

கெடு முடிய இன்னும் சில மாதம் இருந்தது. அதுவரைக்குமாவது நடக்கும் என்று நம்பியிருந்தார். அதிலும் மண்ணைப் போட்டுவிட்டார்கள்.

மகன் குளித்துவிட்டு வந்தான்.

"பேப்பர் வந்துருச்சுங்களாப்பா?"

"இன்னும் வரல."

மகன் நகரவில்லை. தொடைக்கு அடியில் நீட்டிக்கொண்டிருந்த தாள் முனையைப் பார்த்தான்.

"வரிய எடுத்துட்டாங்கப்பா. நேத்துச் சாயங்காலமே ரேடியோவுல சொல்லீட்டாங்க."

சட்டையை மாட்டிக்கொண்டு மில்லுக்குக் கிளம்பிவிட்டான்.

நேற்றுச் சாயங்காலமே.

நேற்று ராத்திரியும் வந்தானே. வழக்கத்தைவிட அதிக நேரம் உட்கார்ந்திருந்தான். அவர் தூங்கிவிட்டதாக நினைத்துப் போர்வையை இழுத்துவிட்டுப் போனான்.

தெரிந்தேதான் வந்திருக்கிறான்.

கண் கலங்கிவிட்டது. பாவி, பெற்ற பிள்ளையைப் போய் என்னவெல்லாம் நினைத்துவிட்டோம்.

துண்டால் முகத்தைத் துடைத்தார்.

பாதியில் கை நின்றது.

வரிதான் போய்விட்டதே. அப்புறமும் எதற்காக வந்தான்?

இன்னும் தன் பெயரில் என்னென்ன இருக்கிறது என்று யோசிக்க ஆரம்பித்தார்.